எத்தனை அடி என்று கேட்டால் போதாது: ஆழ்கடல் பந்தயப் பாய்ப்படகுகளை வகைபிரிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் படகைப் பற்றிப் பேச்சு வந்தால் முதற் கேள்வி "எத்தனை அடி?" என்பதுதான். பதினெட்டடிப் படகு, இருபத்துமூன்றடிப் படகு என்று சொன்னாலே போதும். என்ன எஞ்சின் பூட்டலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை பேர் தொழிலுக்குப் போவார்கள் என்பதெல்லாம் கேட்பவருக்கு விளங்கிவிடும். ஃபைபர் படகுகள் ஏறத்தாழ ஒரே அச்சில் வருவதால் இந்த அடிக்கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

ஆழ்கடல் பந்தயங்களில் ஓடும் பாய்ப்படகுகளுக்கு இது சரிவராது. பிரான்சில் தொடங்கி, தனியாளாக, எங்கும் தரிக்காமல் உலகைச் சுற்றிவரும் வாந்தே குளோப் பந்தயத்தை 2025 ஜனவரியில் சார்லி டாலின் 64 நாள் சொச்சத்தில் முடித்தார். அதே பிரான்சில் தொடங்கி, அதேபோலத் தனியாளாக உலகைச் சுற்றிவரும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் 73 வயதான ழான்-லூக் வான் டென் ஹீட் முதலாவதாக வந்தபோது ஏறத்தாழ 212 நாள் ஆகியிருந்தது. இருவரும் கைதேர்ந்த கடலோடிகள். சுற்றியதும் அதே தெற்குக் கடல்கள்தான். டாலின் ஓட்டியது இமோக்கா என்ற வகுப்பைச் சேர்ந்த 60 அடிப் பந்தயப் படகு. வான் டென் ஹீட் ஓட்டியது ரஸ்ட்லர் 36 என்ற பழைய பாணிப் படகு. அடிக்கணக்கில் இரண்டு மடங்குகூட இல்லை, நாள்கணக்கிலோ மூன்று மடங்குக்கு மேல். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வகைபிரிப்பு விளங்கிவிடும்.

முதலில் நீளம். இங்கே பார்க்க வேண்டியது அணியத்தின் நுனியிலிருந்து பின்தட்டு வரை உள்ள மொத்த நீளத்தை அல்ல. படகு தண்ணீரில் மிதக்கும்போது நீர்மட்டத்தோடு அளக்கும் நீளத்தை. இதை நீர்க்கோட்டு நீளம் என்று சொல்லலாம். ரஸ்ட்லர் 36-இன் மொத்த நீளம் 35 அடிக்குக் கொஞ்சம் மேல். நீர்க்கோட்டில் அளந்தால் 27 அடிக்குக் கொஞ்சம் கீழ். முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் எட்டடியும் பார்வைக்கு அழகு, வேகக் கணக்கில் சேராது.

ஓடும் படகு முன்னால் ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக்கூட அந்த அலையும் நீளும். ஒரு கட்டத்தில் அலையின் ஒரு முடி அணியத்திலும் அடுத்த முடி பின்தட்டிலும் வந்து நிற்க, படகு நடுவிலுள்ள பள்ளத்தில் அகப்பட்டுக்கொள்ளும். அதற்கு மேல் வேகம் எடுக்க வேண்டுமென்றால் தான் எழுப்பிய அலைமேலேயே ஏற வேண்டும்; பாரமான படகால் அது முடியாது. இந்த எல்லைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நொட்டில் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) கிடைக்கும். ரஸ்ட்லருக்கு 7 நொட்டுக்குச் சற்றுக் கீழே வருகிறது. 40 அடி நீர்க்கோடு உள்ள படகுக்கு எட்டரை நொட்.

சரி, அப்படியென்றால் 40 அடிப் படகு எட்டரை நொட்டோடு நின்றுவிடுமா? இல்லை. கிளாஸ் 40 என்றொரு பந்தய வகுப்பு இருக்கிறது. அந்தப் படகுகள் 24 மணி நேரத்தில் 400 கடல் மைலுக்கு மேல் ஓடியிருக்கின்றன, அதாவது சராசரியாக 16 நொட்டுக்கும் மேல். எஞ்சினை முறுக்கியதும் முதலில் அணியம் தூக்கி, பிறகு படகு சமநிலைக்கு வந்து தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு பறப்பதைப் பருத்தித்துறையிலோ குருநகரிலோ பார்த்திருப்பீர்கள். கிளாஸ் 40-உம் செய்வது அதைத்தான், பாயை மட்டும் வைத்துக்கொண்டு. அதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும்.

ஆகவே இரண்டாவது கேள்வி, அந்த நீளத்துக்கு எவ்வளவு பாரம் என்பது. படகு வடிவமைப்பவர்கள் இதற்கு எடை-நீள விகிதம் என்ற ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள். படகின் எடையைப் பழைய ஆங்கிலேய டன்னில் எடுக்க வேண்டும் (ஒரு டன் 1016 கிலோ). நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து நூறால் வகுத்து, வருவதை மும்மடி ஆக்கி, அதனால் எடையை வகுக்க வேண்டும். தலை சுற்றுகிறதா? ஒருமுறை போட்டுப் பார்த்தால் லேசு.

ரஸ்ட்லர் 36-இன் எடை சுமார் 7,620 கிலோ, அதாவது 7.5 டன். நீர்க்கோடு 26.9 அடி, நூறால் வகுத்தால் 0.269; அதன் மும்மடி ஏறத்தாழ 0.0195. 7.5-ஐ இதனால் வகுத்தால் 385 வருகிறது. இனி கிளாஸ் 40. அதன் விதிப்படி எடை 4,580 கிலோவுக்குக் குறையக் கூடாது, அதாவது 4.5 டன். அணியம் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்பதால் நீர்க்கோட்டையும் 40 அடி என்றே வைத்துக்கொள்வோம். 0.4-இன் மும்மடி 0.064. விடை 70.

385-உம் 70-உம். நீளத்தில் ஐந்தடிதான் வித்தியாசம். ஆனால் இரண்டும் ஒரே சாதிப் படகுகளே அல்ல என்று இந்த எண் அடித்துச் சொல்கிறது. பொதுவாக 300-க்கு மேல் போனால் பாரப் படகு, 200 முதல் 300 வரை நடுத்தரம், 100 முதல் 200 வரை இலகுப் படகு, 100-க்குக் கீழே மிக இலகு என்று பிரிப்பார்கள். ஆளுக்காள் எல்லைகளைக் கொஞ்சம் அங்கே இங்கே நகர்த்துவார்கள். அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. ஒரு படகைப் பற்றி ஒரே ஓர் எண்தான் கேட்கலாம் என்றால் நான் கேட்பது இதைத்தான்.

பாரம் என்றால் குறை என்று நினைத்துவிடக் கூடாது. 1930-இல் வல்வெட்டித்துறையில் கட்டிய, சுமார் 90 அடி நீளமான "அன்னபூரணி" 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்து ஓடிப் போனது. சரக்கு ஏற்றுவதற்கென்று கட்டிய கப்பல் அது. பாரம் தாங்குவதுதான் அதன் தொழில், நாள் கூடுவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பந்தயப் படகுக்கு அந்த வேலை இல்லாததால் எடையை ஒவ்வொரு கிலோவாகக் கழற்றி எறிகிறார்கள்.

மூன்றாவது பாய். பாயின் பரப்பை மட்டும் சொல்வதிலும் பயனில்லை. எவ்வளவு எடையை அது இழுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படகு விலக்கும் நீரின் கனஅளவுக்கு மும்மடி மூலம் கண்டு, அதை வர்க்கமாக்கி, பாய்ப்பரப்பை அதனால் வகுப்பார்கள். ரஸ்ட்லருக்கு ஏறத்தாழ 17 வருகிறது. குடும்பத்தோடு ஊர் சுற்றும் படகுகள் பெரும்பாலும் 16-க்கும் 20-க்கும் இடையில் இருக்கும். கிளாஸ் 40 எதிர்காற்றில் 115 சதுர மீட்டர் வரை பாய் விரிக்கலாம். கணக்குப் போட்டால் 42. இந்த எண்ணைப் பார்த்ததும் எழ வேண்டிய கேள்வி, அவ்வளவு பாயை விரித்துவிட்டு அந்த இலகுவான படகு எப்படிக் கவிழாமல் நிற்கிறது என்பதுதான்.

பதிலில் ஒரு பகுதி அகலம். கிளாஸ் 40 நாலரை மீட்டர் வரை அகலமாக இருக்கலாம். அகலமான படகு சரியத் தொடங்கும்போதே எதிர்த்து நிற்கும். இன்னொரு பகுதி ஏரா, அதாவது கீல். பழைய படகுகளில் அது அடிப்பக்கம் முழுவதும் நீண்டு ஓடும். புதியவற்றில் மெல்லிய தகடாக நேரே கீழிறங்கி, நுனியில் ஈயக் குண்டு தொங்கும். கிளாஸ் 40-இல் அது 3 மீட்டர் ஆழம் வரை போகலாம், இமோக்காவில் 4.5 மீட்டர். பண்ணைக் கடலில் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறார்கள். அந்தப் பக்கம் இந்தப் படகுகள் தலைவைத்தும் படுக்க முடியாது. எங்கள் களப்பில் தட்டையான அடியுள்ள வள்ளங்கள் ஓடுவதற்குக் காரணம் வேறொன்றுமில்லை, தண்ணீர் அவ்வளவுதான்.

மூன்றாவது பகுதி, நகர்த்தக்கூடிய பாரம். பாக்கு நீரிணைப் பகுதியில் பாய் கட்டி ஓடிய வள்ளங்களில் குறுக்கே ஒரு பலகையை நீட்டி, காற்று வரும் பக்கத்தில் ஆட்கள் அதன்மேல் ஏறி இருப்பார்கள். காற்று இறுகினால் இன்னும் வெளியே தள்ளி இருப்பார்கள். கிளாஸ் 40-இல் ஆட்களுக்குப் பதில் தண்ணீர். படகின் இரு பக்கமும் உள்ள தொட்டிகளில் காற்றுப் பக்கத் தொட்டியை மட்டும் நிரப்புகிறார்கள். இமோக்காவில் ஏராவையே பக்கவாட்டில் சாய்க்கிறார்கள். போதாக்குறைக்குப் படகின் இரு பக்கமும் இறக்கைகளை இறக்கி, உடலைத் தண்ணீருக்கு மேலே தூக்கியும் ஓடுகிறார்கள். இவையெல்லாம் வகைபிரிப்பில் தனித்தனிக் கட்டங்கள்: நிலையான ஏராவா, சாயும் ஏராவா, தண்ணீர்ப் பாரம் உண்டா, இறக்கை உண்டா. கிளாஸ் 40 விதிகள் தண்ணீர்ப் பாரத்துக்கு இடம் கொடுத்து, சாயும் ஏராவையும் இறக்கையையும் விலக்கி வைத்திருக்கின்றன. செலவு கைமீறிப் போகாமல் இருக்கத்தான்.

இதுவரை பார்த்தது எல்லாம் வேகத்தின் பக்கம். தொடக்கநிலை விளக்கங்களில் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரையை விட்டு விலகிப் போகும் படகைப் பற்றி, அது கவிழ்ந்தால் திரும்ப நிமிருமா என்று கேட்டே ஆக வேண்டும்.

1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயம்தான் இந்தக் கேள்வியை எல்லோர் முன்னாலும் வைத்தது. இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் பந்தயம் அது. 303 படகுகள் புறப்பட்டன. நடுவில் புயல் அடித்தது. முடித்தவை 85. கைவிடப்பட்டவை 24, அவற்றில் ஐந்து மூழ்கிப்போயின. பந்தயத்தில் ஓடியவர்களில் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று: கொண்டெசா 32 வகையைச் சேர்ந்த "அசென்ட்".

பிறகு நடந்த ஆய்வில் கொண்டெசா 32-ஐ அக்காலத்துப் பந்தயப் படகு ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு படகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு கோணம் வரை அது நிமிரவே பார்க்கும். அதைத் தாண்டினால் தலைகீழாகப் புரண்டு அப்படியே கிடக்கும். கொண்டெசாவுக்கு அந்தக் கோணம் 150 பாகைக்கும் மேல். அகலமும் இலகுவுமான பந்தயப் படகுக்கு 120-ஐக்கூட எட்டவில்லை. அகலமான படகு தொடக்கத்தில் உறுதியாக நிற்கும் என்றேன் அல்லவா? புரண்ட பிறகும் அதே உறுதியோடுதான் நிற்கும், தலைகீழாக.

இந்த அனுபவத்துக்குப் பிறகு வந்ததுதான் கவிழ்வுச் சோதனை எண். படகின் அகலத்தை அடியில் எடுத்து, எடையை (பவுண்டில்) 64-ஆல் வகுத்து மும்மடி மூலம் கண்டு, அதனால் அகலத்தை வகுக்க வேண்டும். விடை 2-க்குக் கீழே வந்தால் ஆழ்கடலுக்குப் பரவாயில்லை. ரஸ்ட்லருக்கு 1.7. கிளாஸ் 40-க்கு 2.7. அப்படியென்றால் கிளாஸ் 40 ஆபத்தான படகா? இந்த இடத்தில் இந்த எண்ணின் குறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 3 மீட்டர் ஆழத்தில் ஈயக் குண்டு தொங்குவது அதற்குத் தெரியாது. அகலமும் எடையும் மட்டுமே அதன் உலகம். அதனால்தான் இன்றைய வகுப்புகள் சூத்திரத்தை நம்பி இருப்பதில்லை, படகையே இறக்கிச் சோதிக்கின்றன. இமோக்கா படகைப் பாரந்தூக்கியால் தலைகீழாகக் கவிழ்த்து, மாலுமி உள்ளே இருந்தபடி ஏராவைச் சாய்த்து அதை நிமிர்த்திக் காட்ட வேண்டும்.

பாரப் படகு கவிழாது என்றும் எண்ண வேண்டாம். 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி ஓட்டியதும் பழைய பாணியில் கட்டிய நீள ஏராப் படகுதான். தெற்கு இந்து சமுத்திரத்தில் அது புரண்டு, பாய்மரம் முறிந்து, அவர் முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்தார். பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து காப்பாற்றியது. படகு நிமிர்ந்துகொண்டது, அதனால் ஆள் பிழைத்தார். அடுத்த பந்தயத்தில் ரஸ்ட்லர் 36 ஒன்றை ஓட்டி 2023-இல் இரண்டாவதாக வந்தார்.

இனி விதிகள். வகைபிரிப்பு என்பது இருக்கும் படகுகளை அடுக்கி வைப்பதோடு முடிவதில்லை. எதை அளக்கிறார்களோ அதற்கேற்ப அடுத்த படகு பிறக்கிறது. 1970-களில் ஐஓஆர் என்ற சர்வதேச விதி கோலோச்சியது. படகு உடலின் குறிப்பிட்ட சில புள்ளிகளில் அளந்து, அதிலிருந்து ஒரு மதிப்பு நீளத்தைக் கணக்கிட்டு, படகு எவ்வளவு வேகமானது என்று மதிப்பிடும் முறை அது. எங்கள் டியூஷன் வகுப்புகளில் பாஸ்ட் பேப்பரில் வரும் கேள்விகளுக்கு மட்டும் பிள்ளைகளைத் தயார்செய்வது போல, வடிவமைப்பாளர்களும் அளவுநாடா படும் இடங்களுக்கு மட்டும் படகைத் தயார்செய்தார்கள். அளக்கும் இடத்தில் ஒரு புடைப்பு, அளக்காத இடத்தில் ஒரு வழிப்பு, பின்பக்கம் குறுகிய வால். விதியில் மெதுவான படகு, கடலில் வேகமான படகு; பின்காற்றில் சுக்கானுக்கு அடங்காத படகும் அதுதான். கால் டன், அரை டன், ஒரு டன் என்று அந்த விதியின் வகுப்புகளுக்குப் பெயர். "ஒரு டன்" படகு ஒன்றை நிறுத்துப் பார்த்தால் பல டன் இருக்கும். அந்தப் பெயர்கள் ஒரு பழைய கோப்பையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை, எடையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது ஒரு பந்தயத்தில் படகுகளைச் சேர்த்து ஓடவிட மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே அச்சுப் படகு என்பது ஒன்று. 2014-15 வோல்வோ பந்தயத்தில் ஏழு அணிகளும் ஒரே மாதிரியான 65 அடிப் படகுகளில் போயின. இரண்டாவது, பெட்டி விதி. நீளம், அகலம், ஆழம், எடை, பாய்மர உயரம் ஆகியவற்றுக்கு எல்லை போட்டுவிட்டு உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று விடுவது. கிளாஸ் 40, ஆறரை மீட்டர் நீளமான மினி 6.50 எல்லாம் இந்த வகை. 2011-இல் டேவிட் ரெய்சோன் என்பவர் வட்டமான, மழுங்கிய அணியம் உள்ள மினி ஒன்றைத் தானே வரைந்து, அதை ஓட்டி அட்லாண்டிக்கைக் கடக்கும் மினி பந்தயத்தை வென்றார். கூர் அணியம்தான் வேகம் என்று விதியில் எழுதியிருக்கவில்லை, எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த மழுங்கிய அணியம் பிறகு கிளாஸ் 40-க்கும் பரவியது.

மூன்றாவது வழி, வேறுவேறு படகுகளை ஒன்றாக ஓடவிட்டு நேரத்தைத் திருத்துவது. இதைக் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு ஒரு பந்தயம் வைத்துப் பார்ப்போம், கற்பனைக்குத்தான். தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல். ஐஆர்சி என்ற முறையில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெருக்கெண் கொடுப்பார்கள். இலகுப் படகுக்கு 1.150, பாரப் படகுக்கு 0.950 என்று வைத்துக்கொள்வோம். இலகுப் படகு 8 மணி நேரத்தில், அதாவது 480 நிமிடத்தில் போய்ச் சேருகிறது, பெருக்கினால் 552. பாரப் படகு ஒன்றரை மணி நேரம் பிந்தி, 570 நிமிடத்தில் வருகிறது, பெருக்கினால் 541.5. கரையில் நின்றவர்கள் எல்லோரும் முதற் படகுக்குக் கைதட்டி முடித்த பிறகு, கோப்பை இரண்டாவது படகுக்குப் போகும். அந்தப் பெருக்கெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை ஐஆர்சி வெளியே சொல்வதில்லை. ஐஓஆர் காலத்தில் சூத்திரம் கையில் இருந்ததால் என்ன நடந்தது என்று பார்த்தோமே. எனக்கு இந்த மறைப்பில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

பந்தயம் எவ்வளவு தூரம் வெளியே போகிறது என்பதற்கும் ஒரு தரவரிசை உண்டு. உலகப் பாய்ப்படகுச் சம்மேளனத்தின் பாதுகாப்பு விதிகள் 0 முதல் 4 வரை பிரிக்கின்றன. பெருங்கடல்களைக் கடப்பது 0, கரையோரம் பகலில் ஓடுவது 4. எண் குறையக் குறைய உயிர்காப்புத் தெப்பம், வானொலி, உறுதிநிலைச் சான்று என்று கட்டாயங்கள் கூடும். எங்கள் கற்பனைப் பந்தயத்தை நான் 3-இல் வைப்பேன். வாடைக் காற்றுக் காலத்தில் என்றால் 2 கேட்பேன்.

ஐஆர்சியின் ஒற்றைப் பெருக்கெண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து வடக்கே போகும் படகுக்குச் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பின்பக்கவாட்டிலிருந்து அடிக்கும். இலகுப் படகு அலையில் வழுக்கிக்கொண்டு ஓட அதுதான் வாய்ப்பான காற்று. அதே காற்றில் திரும்பி வரும்போது அது முன்பக்கவாட்டில் அடிக்கும். அலையை வெட்டிக்கொண்டு வர வேண்டியிருப்பதால் பாரப் படகின் பின்னடைவு குறைந்துவிடும். ஒரே எண் இரண்டு ஓட்டத்துக்கும் பொருந்தாது. ஓஆர்சி என்ற மற்ற முறை இதைக் கணினியில் தீர்க்கப் பார்க்கிறது. படகின் உடல் வடிவம், எடை, உறுதிநிலை, பாய் எல்லாவற்றையும் கொடுத்தால், எந்தக் காற்று வேகத்தில், எந்தத் திசையில் அது எவ்வளவு ஓடும் என்று தனித்தனியாகக் கணித்துத் தரும். கணக்கும் ஒளிவுமறைவில்லாமல் வெளியில் கிடக்கிறது. ஆனால் முழு அளவில் செய்வதென்றால் படகின் உடலைத் துல்லியமாக அளந்த கோப்பு வேண்டும், அளக்க ஆள் வேண்டும், காசும் வேண்டும். நாலைந்து படகு வைத்திருக்கும் ஒரு சிறு கழகம் ஐஆர்சியோடு தொடங்குவதுதான் கட்டுப்படியாகும்.